போன்லயே நல்ல போட்டோ எடுக்கலாம்: சில்வர் பீச்ல ஒரு காலைப் பயிற்சி

நல்ல கேமரா இல்லையேன்னு நிறைய பேரு கவலைப்படுறாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் படம் சொதப்புறதுக்கு முக்கால்வாசி காரணம் ஃப்ரேமுக்குள்ள தேவையில்லாதது கெடக்குறதுதான். அத பழக ஒரு காலை நேரம் போதும். கடலூர்ல இருக்கீங்கன்னா விடியறதுக்கு முன்னாடியே தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போயிடுங்க, நமக்கு சூரியன் கடல்லேருந்தே எழும்பும்.

1. கேமரா செட்டிங்ஸ்ல கிரிட் ஆன் பண்ணுங்க. குறுக்க ரெண்டு கோடு, நெடுக்க ரெண்டு கோடு வரும். வானம் கலரா இருந்தா கடல்கோட்ட, அதாவது கடலும் வானமும் சேர்ற கோட்ட, கீழ் கோட்டுல வைங்க, ஈர மணல் பளபளன்னு இருந்தா மேல் கோட்டுல. கோடு சாயக் கூடாது.

2. ஒரே ஒரு போட்ட, அதாவது படக, எடுத்துக்கோங்க. கோடுங்க வெட்டிக்கிற நாலு புள்ளில ஒண்ணுல அத வைங்க. மூக்கு வலப்பக்கம் பாத்தா போட்ட இடப்பக்கம் வைங்க, அது போறதுக்கு முன்னாடி எடம் வேணும்ல.

3. இதுதான் ரொம்ப முக்கியம். க்ளிக் பண்றதுக்கு முன்னாடி நாலு ஓரத்தையும் கண்ணால ஒரு சுத்து சுத்துங்க, பாதி வெட்டுன பக்கெட், யாரோ ஒருத்தர் கை, கயிறு எல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். எங்க சித்தப்பா வலை சரிபண்ணிக்கிட்டு இருந்தப்ப ஒரு படம் எடுத்தேன், முகத்துல வெயில் அவ்ளோ அழகா விழுந்திருந்துச்சு, வீட்டுக்கு வந்து பாத்தா பின்னாடி இருந்த கம்பம் அவரு தலைலேருந்து மொளச்ச மாதிரி நிக்குது. ரெண்டடி தள்ளி நின்னிருந்தா போதும். அந்த வெளிச்சம் திரும்ப கிடைக்கல, இன்னும் மனசு ஆறல.

4. ஜூம் வேண்டாம், நடந்து கிட்ட போங்க. அப்புறம் குத்துக்கால் போட்டு உக்காருங்க. நின்னு எடுத்தா கடல்கோடு போட்டு மேலயே வெட்டிக்கிட்டு போகும், உக்காந்தா போட்டு வானத்துல எழும்பி நிக்கும். வித்தியாசத்த நீங்களே பாப்பீங்க. இதே போட்ட பத்து விதமா எடுங்க. ஆளுங்கள எடுக்கணும்னா "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கவா"ன்னு கேட்டுடுங்க.

5. அடுத்த வாரம் பாண்டி பீச் ரோடு. காலைல வண்டி விடமாட்டாங்க, நடுரோட்டுலயே நின்னு எடுக்கலாம். காந்தி சிலையச் சுத்தி இருக்குற கல்தூண்ல ரெண்ட ரெண்டு பக்கமும் வச்சுப் பாருங்க, தூணே ஃப்ரேமாயிடும். எதிர்ல 1836ல ஏத்துன பழைய லைட்ஹவுஸ் இருக்கு. அத கிட்ட நின்னு போனை அண்ணாந்து புடிச்சா பின்னாடி சாயற மாதிரி விழும், அதனால நல்லா தள்ளி நின்னு போனை நேரா புடிங்க.