நீக்கக் கடிதம் வந்தபின் நான் செய்தது

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும்போது ஜி.பி.ஏ. (எல்லாப் பாடங்களின் சராசரி கிரேடு) 3.0-க்குக் கீழே போய், பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கக் கடிதம் வந்தது. முதலில் ஓடியது வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு. நீக்கம் உறுதியானால் செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசின் கணினிப் பதிவேடு) என் பதிவை முடித்துவிடுவார்கள், எஃப்-1 என்ற மாணவர் விசா அந்தஸ்தும் போய்விடும். மேல்முறையீடு செய்யப்போவதை அங்கே சொல்லிவைத்தேன்.

அப்புறம் மேல்முறையீட்டுக் கடிதம். உருக்கமாக எழுதச் சொன்னார்கள் நண்பர்கள். மேல்முறையீட்டைப் பார்க்கும் குழுவிடம் அதெல்லாம் வேலைக்கு ஆகாது. "அக்டோபரில் பித்தப்பை அறுவை சிகிச்சை, அதன் பிறகே இரண்டு பாடங்களில் சி கிரேடு" என்று எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்தேன். அதைவிட எடுபட்டது அடுத்த செமஸ்டர் திட்டம்தான்: எந்தப் பாடத்தைத் திரும்ப எடுப்பேன், 3.0-ஐத் தொட என்ன கிரேடு வேண்டும் என்ற கணக்கு, அடியில் ஆலோசகரின் கையெழுத்து.

புரொபேஷனில், அதாவது நிபந்தனையோடு கண்காணிப்பில், திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நிபந்தனை, எந்தப் பாடத்திலும் பி கிரேடுக்குக் கீழே வரக்கூடாது.