மக்காச்சோளத்துக்குள் சோயா: முப்பதாவது நாள் பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன வாரம் உடுமலைப் பக்கம் ஒரு தம்பி தன் காட்டைப் பார்க்கக் கூப்பிட்டார். மக்காச்சோளம் இடுப்பளவு, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு வரிசை சோயா, விதைத்து முப்பது நாள், கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. "எப்படிங்கண்ணா இருக்குது?" என்றார். வரிசைக்கு வரிசை எவ்வளவு? இரண்டடி. சோயா என்ன ரகம்? ஜே.எஸ். 335. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து வருஷத்துக்கு முன்னால் முப்பதாவது நாளில் என் காடும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது.

விதை நேர்த்தி, தண்ணீர் தேங்காமல் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். இந்த ஊடுபயிரில் நடக்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இரண்டடி இடைவெளியில் சோயாவைத் திணிப்பது

மக்காச்சோளத்துக்கு வரிசைக்கு வரிசை 60 (அதாவது இரண்டடி), செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் என்பது தனிப்பயிருக்கான கணக்கு. நாற்பத்தைந்து நாளில் இரண்டு பக்கத்துத் தோகையும் கைகோத்து மேலே கூரை போட்டுவிடும். சோயா பூவிலிருந்து பிஞ்சுக்குப் போவதும் அதே நேரம்தான். வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து, தண்டு நூலாகி, ஒரு காற்றடித்தால் படுத்துவிடும். அன்று என் காட்டில் ஒரு சோயாச் செடியைப் பிடுங்கி எண்ணினேன்: பதினொரு காய், அதில் நாலு பொக்கு. இரண்டு ஏக்கரில் வந்த சோயா, பிடுங்கிய ஆள் கூலிக்கே கட்டவில்லை. மக்காச்சோளமாவது தப்பியதா என்றால், சின்ன வயதில் சோயாவோடு போட்டி போட்டதில் அதுவும் கொஞ்சம் குறைந்துதான் போனது.

இதற்கு மருந்து ஜோடி வரிசை. இரண்டு மக்காச்சோள வரிசையை 45 சென்டிமீட்டரில் நெருக்கி, அடுத்த ஜோடிக்கு 105 விடுங்கள். செடிக்குச் செடி 25க்குப் பதில் 20. உடனே "அண்ணா, செடி குறைஞ்சிருமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 150 சென்டிமீட்டருக்கு இரண்டு வரிசை, அதாவது சராசரி 75. 75ஐ 20ஆல் பெருக்கினாலும் 1,500, 60ஐ 25ஆல் பெருக்கினாலும் 1,500, ஒரு செடிக்குக் கிடைக்கிற சதுர சென்டிமீட்டர் இது. ஹெக்டேருக்கு அதே 66,000 சொச்சம் செடிதான், ஒன்றுகூடக் குறையவில்லை. வெளிச்சம் இறங்க ஒரு சந்து மட்டும் கிடைத்திருக்கிறது. சீனாவில் சிச்சுவான் பக்கம் பட்டை பட்டையாக இந்த இரண்டு பயிரையும் போடுகிறவர்கள் செய்வதும் இதேதான், அவர்கள் அந்த இடைவெளியை இன்னும் அகலமாக விடுகிறார்கள்.

அந்த 105இல் சோயா இரண்டே வரிசை, நடுவில் 30 விட்டு. அப்போது மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் நடுவில் இரு பக்கமும் 37 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும். இடம் சும்மா கிடக்கிறதே என்று மூன்றாவது வரிசை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஓர வரிசைகள் மக்காச்சோளத்தின் காலடிக்கே போய்விடும், மறுபடி அதே நூல் தண்டு. சோயாவில் செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர் என்பதும் தனிப்பயிர் கணக்குதான், நிழலில் நான் 8 முதல் 10 வரை விடுகிறேன்.

பக்கத்துக் காட்டில் நன்றாக வந்த ரகம்

ஜே.எஸ். 335 மோசமான ரகம் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் வெயிலில் தனியாக நின்று பேர் வாங்கியது. ஆனால் அதற்கு 95 முதல் 100 நாள் வேண்டும், காய் முற்றுகிற காலம் முழுக்க நிழலிலேயே கழியும். ஊடுபயிருக்கு கோ 2 மாதிரி 80 நாளுக்குள் முடிகிறது, கிளை அதிகம் பரப்பாதது, தண்டு விறைப்பாக நிற்பது பாருங்கள். பூவில் பாதியாவது கூரை மூடுவதற்குள் பிஞ்சாகிவிடும்.

அட்ராசின்

இந்தக் களைக்கொல்லியைத் தொடாதீர்கள். மக்காச்சோளம் தாங்கும், சோயா செத்துப்போகும்.

போன வருஷத்து விதை

நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். எழுபதுக்குக் குறைவாக முளைத்தால் வேண்டாம்.

வேரைப் பார்க்காமல் விடுவது

சோயாவே பார்க்காத மண்ணில் அதற்கான ரைசோபியம், அதாவது வேரில் முடிச்சு போட்டுக் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற பாக்டீரியா, இருக்காது, நிலக்கடலைக்கு இருப்பது இதற்கு உதவாது. சோயாவுக்கென்று கேட்டு வாங்கி விதையில் கலக்க வேண்டும். முப்பத்தைந்தாம் நாள் ஒரு செடியைத் தோண்டி எடுத்து வேர் முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையோ வெள்ளையோ என்றால் அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யூரியாவை வீசுவது

மக்காச்சோள வரிசை ஓரம் மட்டும் வையுங்கள். வீசினால் சோயா இலையாகத் தள்ளும், முடிச்சு தூங்கிவிடும்.

இரண்டையும் சேர்த்து அறுக்கலாம் என்று காத்திருப்பது

சோயா இலை கொட்டி, காய் காய்ந்து நிறம் மாறியதும், காலையில் வெயில் ஏறுவதற்குள் அறுத்துவிடுங்கள். மக்காச்சோளத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறதே, ஒரே கூலியில் முடிக்கலாமே என்று நின்றால், மத்தியான வெயிலில் வரப்பில் நிற்கும்போதே காய் வெடிக்கிற சத்தம் காதில் விழும்.