ஆஸ்திரேலியாவுக்கு எலக்ட்ரீஷியனாகப் போவது எப்படி? விசாவுக்கு முன்னும் பின்னும்

ஐடிஐயோ, இலங்கையின் தொழில் தகுதியான என்விகியூவோ முடித்து, சில வருஷம் சைட்டில் நின்று வேலை பார்த்தவர்களுக்கான பதிவு இது. பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு, போலீஸ் சான்றிதழ் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திறன் மதிப்பீடு, விசா, லைசென்ஸ் மூன்றும் தனித்தனி. முதலாவதை டிஆர்ஏ என்கிற ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா பார்த்துக்கொள்கிறது. விசாவை அந்நாட்டு உள்துறை தருகிறது. லைசென்ஸை ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்குத் தருகிறது. விசா வந்த கையோடு அங்கே போய் ஒரு பிளக் பாயிண்ட்டை மாற்றினாலும், லைசென்ஸ் இல்லையென்றால் அது சட்டவிரோதம்.

படி 1: தொழில் குறியீடு

விண்ணப்பத்தில் உங்கள் தொழிலைக் குறிக்கும் எண் இது. பொதுவான வயரிங், பராமரிப்பு வேலை என்றால் 341111. லிஃப்ட் மெக்கானிக்குக்கு 341113. உங்கள் அனுபவக் கடிதங்களில் இருக்கும் வேலை எதற்குப் பொருந்துகிறதோ அதையே எடுங்கள்.

படி 2: அனுபவக் கடிதம்

என் கோப்பு நகராமல் நின்றது இங்கேதான். பழைய கான்ட்ராக்டர் ஒருவர் கொடுத்த கடிதத்தில் "எங்களிடம் எலக்ட்ரீஷியனாகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்" என்று மட்டும் இருந்தது. மதிப்பிடுபவருக்கு நன்னடத்தை தேவையில்லை. நீங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்று தெரிய வேண்டும்.

லெட்டர்ஹெட்டில் இவையெல்லாம் வரவேண்டும்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பதவி, கையெழுத்திடுபவரின் பெயரும் தொடர்பு எண்ணும். அதற்குக் கீழே வேலைகள். "வயரிங் செய்தார்" என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். கன்ட்யூட் ஓட்டியது, டிபி (மின்பகிர்வுப் பலகை) கட்டியது, கேபிளுக்கு கிளாண்ட் போட்டு டெர்மினேட் செய்தது, மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இணைத்தது, மெக்கர் போட்டு இன்சுலேஷனைப் பார்த்தது, பழுது கண்டுபிடித்தது என்று ஒவ்வொன்றாக வரட்டும். முதலாளிக்கு இதையெல்லாம் எழுத நேரம் இருக்காது. உண்மையாகச் செய்த வேலைகளை நீங்களே பட்டியல் போட்டுக் கொடுங்கள், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

கடிதத்தில் உள்ள தேதிகளுக்குச் சம்பளச் சான்றும் ஒத்துப்போக வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு எது இருந்தாலும் சரி. கையில் கூலி வாங்குபவர்கள் இன்றைக்கே வங்கி வழியாக வாங்க ஆரம்பியுங்கள்.

படி 3: தொழில்நுட்பத் தேர்வு

ஆவணங்கள் தேறினால், டிஆர்ஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனம் உங்களை நேர்காணலிலோ செய்முறையிலோ சோதிக்கும். வேலை தெரிந்தவர்கள்கூடத் தடுமாறும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு சர்க்யூட்டில் கை வைக்கும் முன் என்ன செய்வீர்கள்? "ஆஃப் செய்வேன்" என்றால் போதாது. சர்க்யூட்டை அடையாளம் காண வேண்டும், ஆஃப் செய்ய வேண்டும், பூட்டுப் போட்டு டேக் மாட்ட வேண்டும். பிறகு வோல்டேஜ் சோதிக்கும் கருவியை மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துச் சரிபார்த்து, வேலை செய்யும் இடத்தைச் சோதித்து, மறுபடியும் கருவியைச் சரிபார்க்க வேண்டும். இந்த வரிசையை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

அந்தச் சோதனைக்கு ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் எடுக்காதீர்கள். தூண்டல் மின்னழுத்தத்துக்கும் எரியும், காய்ந்த மர ஏணியில் நின்றால் மங்கும், பேஸில் வைத்துப் பார்த்தால் நியூட்ரல் அறுந்திருப்பதைச் சொல்லாது. இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டர்தான் என் தேர்வு. மல்டிமீட்டர் எனக்கு இரண்டாம் பட்சம். டயல் தவறான இடத்தில் இருந்தால் அதுவும் பொய் சொல்லும்.

படிக்க வேண்டியது ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயரிங் விதிநூலான ஏஎஸ்/என்இசட்எஸ் 3000, 2018 பதிப்பு. முழுக்க மனப்பாடம் வேண்டாம், சோதனைப் பகுதியை விட்டுவிடாதீர்கள். 500 வோல்ட்டில் சோதித்தால் இன்சுலேஷனின் மின்தடை குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும், மெயின் எர்த் கம்பியின் மின்தடை 0.5 ஓமைத் தாண்டக் கூடாது. மெயின் போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் எம்இஎன் லிங்க் ஏன் இருக்கிறது என்று விளக்கத் தெரிய வேண்டும். நிறத்தில் ஒரு பொறி: சுவருக்குள் ஓடும் மூன்று பேஸ் வயரிங்கில் நீலம் ஒரு பேஸாக இருக்கலாம். அதே நீலம், கொஞ்சம் வெளிறிய சாயலில், ஃபிளெக்சிபிள் வயரில் நியூட்ரல்.

படி 4: விசா

தேறியதும் ஓடிஎஸ்ஆர் என்ற தொழில்திறன் பதிவு கிடைக்கும். அதை வைத்து வயது, ஆங்கிலம் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டுத் தரும் 189, 190, 491 போன்ற விசாக்களுக்கு முயலலாம், அல்லது முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482க்குப் போகலாம். ஏஜென்ட் வைத்தால் குடியேற்ற ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான ஓமாராவின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "லைசென்ஸோடு சேர்த்து வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவரால் அது முடியாது.

படி 5: லைசென்ஸ்

ஓடிஎஸ்ஆரைக் காட்டி, மேற்பார்வையில் மட்டும் வேலை செய்ய அனுமதிக்கும் தற்காலிக லைசென்ஸ் வாங்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் அதன் பெயர் மாறும். கட்டுமான சைட்டில் நுழைய ஒயிட் கார்டு என்ற பாதுகாப்புப் பயிற்சி அட்டையும் வேண்டும். வேலை பார்த்தபடியே ஆஸ்திரேலிய விதிகளுக்கான இடைவெளிப் பயிற்சியை முடித்து செர்டிஃபிகேட் 3 என்ற ஆஸ்திரேலியத் தொழில் தகுதியைப் பெற்றால், முழு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். விக்டோரியாவில் முழு லைசென்ஸுக்குப் பெயர் ஏ கிரேடு, தருவது எனர்ஜி சேஃப் விக்டோரியா. வேலைக்கு எடுக்கும் முதலாளியிடம் சம்பளத்தைப் பேசும் முன் ஒன்றைக் கேளுங்கள்: லைசென்ஸ் உள்ள ஆள் என்னை மேற்பார்வை செய்து என் வேலைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாரா?

பின்சேர்க்கை: சொந்தமாக வேலை எடுத்துச் செய்தவர்கள் யாரிடம் கடிதம் வாங்குவது என்று சிலர் கேட்டார்கள். இன்வாய்ஸ், வரிக் கணக்கு, கணக்காளரின் கடிதம், வாடிக்கையாளர்களின் கடிதம் எல்லாம் சேர்த்துக் கட்டுங்கள். வேலை நடக்கும்போதே எடுத்த படங்களும் உதவும். முடித்த போர்டை மட்டும் எடுக்காமல் நீங்களும் அதில் தெரியும்படி எடுங்கள்.