கலிபோர்னியாவில் எல்.சி.எஸ்.டபிள்யூ. லைசென்ஸ்: சூப்பர்விஷன் மணிகள் வீணாகாமல் சேர்ப்பது எப்படி

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் பட்டம் வாங்கியவுடன் கலிபோர்னியாவில் சொந்தப் பொறுப்பில் உளவியல் சிகிச்சை தர முடியாது. லைசென்ஸ் வழங்கும் பி.பி.எஸ். என்ற மாநில வாரியத்தில் ஏ.எஸ்.டபிள்யூ. (பயிற்சியில் இருக்கும் சமூகப்பணியாளர்) ஆகப் பதிவு செய்து, மேற்பார்வையில் (சூப்பர்விஷன்) குறைந்தது 3,000 மணி நேரமும் 104 வாரமும் வேலை பார்த்த பிறகுதான் எல்.சி.எஸ்.டபிள்யூ. என்ற கிளினிக்கல் சமூகப்பணியாளர் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். வாரத்துக்கு 40 மணிக்கு மேல் கணக்கில் சேராது. ஓடி ஓடி உழைத்து மணிகளைச் சீக்கிரம் முடித்தாலும் 104 வாரம் ஆகியே தீரும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர்கள், தங்கள் பட்டம் அமெரிக்க எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு இணையானது என்ற மதிப்பீட்டை முதலில் வாங்கி வைக்க வேண்டும். அமெரிக்காவிலேயே படித்தவர்கள் பட்டம் கிடைத்த 90 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அப்படிச் செய்தால், பதிவு எண் வருவதற்கு முன் பார்த்த வேலையும் சேரும். ஆனால் வேலை கொடுப்பவர் உங்கள் கைரேகையை லைவ் ஸ்கேன் என்ற மின்னணு முறையில் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். அந்த லைவ் ஸ்கேன் படிவத்தின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். பதிவு எண் வரும்வரை தனியார் பிராக்டிஸில் வேலை பார்க்கக் கூடாது.

3,000 மணியில் குறைந்தது 2,000 மணி நோயறிதல், மதிப்பீடு, சிகிச்சை ஆகிய கிளினிக்கல் வேலையாக இருக்க வேண்டும். அந்த 2,000-இல் 750 மணி கிளையன்ட்டோடு நேரடியாக நடத்திய தனிநபர் அல்லது குழு சிகிச்சை. கிளையன்ட்டுக்காகப் பரிந்து பேசுதல், பிறரோடு கலந்தாலோசித்தல், ஆய்வு, பயிற்சிப் பட்டறை போன்றவை எல்லாம் சேர்த்து 1,000 மணியைத் தாண்டக் கூடாது. கேஸ் மேனேஜ்மென்ட் (கிளையன்ட்டுக்குத் தேவையான சேவைகளை ஏற்பாடு செய்யும் வேலை) மட்டுமே நடக்கும் இடத்தில் சேர்ந்தால் இந்த 750 மணி வருடக்கணக்கில் இழுக்கும். எனவே வாரத்துக்கு எத்தனை சிகிச்சை அமர்வுகள் கிடைக்கும் என்பதை நேர்முகத்திலேயே கேளுங்கள்.

பலருக்கு மணிகள் பறிபோவது வாராந்தர சூப்பர்விஷன் கணக்கில்தான். மணிகளைக் கோரும் ஒவ்வொரு வாரமும், வேலை பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு யூனிட் சூப்பர்விஷன் நடந்திருக்க வேண்டும். தனியாகவோ, இன்னொரு பயிற்சியாளரோடு சேர்ந்து இருவராகவோ ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு யூனிட். குழுவாக என்றால் இரண்டு மணி நேரம். குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. குழு நேரத்தை ஒவ்வொரு மணியாகப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டும் அதே வாரத்துக்குள் வர வேண்டும். ஒரே இடத்தில் அந்த வாரம் நேரடி சிகிச்சை 10 மணியைத் தாண்டினால் இன்னொரு யூனிட் தேவை.

ஓர் உதாரணம் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை 14 மணி சிகிச்சை கொடுத்தீர்கள். புதன்கிழமை தனி சூப்பர்விஷன் ஒரு மணி, வெள்ளிக்கிழமை குழு இரண்டு மணி. இரண்டு யூனிட் ஆயிற்று, 14 மணியும் சேரும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்று குழு ரத்தானால் பத்துக்கு மேற்பட்ட நான்கு மணி போய்விடும். புதன்கிழமையும் நடக்காவிட்டால் அந்த வாரத்தில் ஒன்றுமே மிஞ்சாது. அடுத்த வாரம் இரட்டிப்பாக உட்கார்ந்து ஈடுகட்ட வழியில்லை. சூப்பர்வைசர் விடுப்பில் போகும் வாரத்துக்குத் தகுதியுள்ள மாற்று ஆளை முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

104 வாரத்தில் 52 வாரமாவது தனியாகவோ இருவராகவோ நடந்த சூப்பர்விஷனாக இருக்க வேண்டும். அதில் 13 வாரம் எல்.சி.எஸ்.டபிள்யூ. ஒருவரிடம். மொத்த மணியிலும் 1,700 மணி எல்.சி.எஸ்.டபிள்யூ.வின் கீழ் வர வேண்டும். மீதி மணிகளுக்கு, தகுதியுள்ள உளவியலாளர், குடும்ப சிகிச்சையாளர் போன்றவர்களும் சூப்பர்வைசராக இருக்கலாம்.

சூப்பர்வைசரின் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று வாரியத்தின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். உறவினரும், உங்களுக்கு முன்பு சிகிச்சை தந்தவரும் சூப்பர்வைசராக முடியாது. அவர் உங்கள் நிறுவனத்தின் ஊழியர் இல்லையென்றால், நிறுவனத்தோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். சூப்பர்விஷன் தொடங்கிய 60 நாளுக்குள் சூப்பர்விஷன் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். உங்கள் சம்பளம் ஊழியர்களுக்குரிய டபிள்யூ-2 வரிப் படிவத்தில் வர வேண்டும். ஊழியராக இல்லாமல் 1099 வரிப் படிவம் தரும் கான்ட்ராக்டராக வைத்துக்கொள்கிறோம் என்றால் அந்த வேலையை ஏற்காதீர்கள், மணிகள் சேராது.

இனி அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன செய்வது என்பது. அலுவலக நிர்வாகப் பேச்சு, லீவு, கோப்பு பாக்கி என்றே அது கரைந்துவிடுவதைப் பல இடங்களில் காணலாம். அதை அனுமதிக்காதீர்கள். வாரம் ஒரு கேஸை எடுத்து, ஐந்து நிமிடத்தில் பின்னணி சொல்லி, உங்களுக்குத் தடுமாற்றம் வந்த இடத்தை கிளையன்ட்டின் சொற்களிலேயே முன்வையுங்கள். "இனி இருந்து என்ன ஆகப்போகிறது" என்று அவர் சொன்னபோது நீங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டீர்கள் என்றால், அந்த இடம்தான் சூப்பர்விஷனுக்குரியது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்க எது தடுத்தது, கேள்வியை எப்படிக் கேட்டிருக்கலாம் என்று அங்கேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சம்மதம் பெற்ற ஒலிப்பதிவு இருந்தால் இன்னும் நல்லது, நாம் நினைவிலிருந்து சொல்வது பெரும்பாலும் நமக்குச் சாதகமாகவே வரும்.

அவசரம் அடுத்த சூப்பர்விஷன் வரை காத்திருக்காது. குழந்தை வதை சந்தேகம் வந்தால் உடனே தொலைபேசியில் தெரிவித்து, 36 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும். அந்தச் சட்டக் கடமை உங்களுடையது, சூப்பர்வைசரிடம் சொன்னதோடு தீராது. இரவில் யாரை அழைப்பது என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

வாராந்தரப் பதிவேட்டில் அந்தந்த வாரமே கையெழுத்து வாங்குங்கள். வேலையை விடும்போது, அனுபவச் சான்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள். சூப்பர்வைசர் ஊர் மாறினாலோ இறந்தாலோ பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. விண்ணப்பம் வாரியத்துக்குப் போகும் நாளிலிருந்து பின்னோக்கி ஆறு வருடத்துக்குள் சேர்த்த மணிகள் மட்டுமே செல்லும். பிரசவம், குடும்பப் பொறுப்பு என்று நடுவில் இடைவெளி விட்டவர்கள் பழைய மணிகளில் எது எப்போது காலாவதியாகிறது என்று மாதாமாதம் பார்த்துக்கொள்ளுங்கள்.