வெளிநாட்டுப் பள்ளிச் சீர்திருத்தத்தைக் கடன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்வியைப் பற்றிப் பேச்செடுத்தாலே பின்லாந்து வந்துவிடும். ஏழு வயதில்தான் பள்ளி, வீட்டுப்பாடம் குறைவு, பள்ளியைச் சோதிக்க ஆய்வாளர் வந்து நிற்பதில்லை, பதினாறு வயதுவரை பொதுத்தேர்வே இல்லை. நாமும் அப்படியே செய்தால் என்ன என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் இன்று கண்ணில் படுவதை மட்டும் அள்ளிக்கொண்டு வருவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

பின்லாந்து வந்த வழியைப் பாருங்கள். பதினோரு வயதிலேயே பிள்ளைகளை மேற்படிப்புக்கான பள்ளி, சாதாரணப் பள்ளி என இரண்டாகப் பிரித்துவிடும் பழைய முறையை ஒழித்து, எல்லாருக்கும் ஒன்பது ஆண்டுப் பொதுப்பள்ளி என்று 1968இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 1972இல் வடகோடியில் உள்ள லாப்லாந்தில் தொடங்கி, படிப்படியாகத் தெற்கே வந்து, 1977இல்தான் ஹெல்சிங்கி வட்டாரத்தை எட்டினார்கள். அந்த நாட்களில் அங்கே பிடி இறுக்கமாகவே இருந்தது. விரிவான பாடத்திட்டம் மேலிருந்து வந்தது. பாடநூலுக்கு அரசு ஒப்புதல் வேண்டும். ஆய்வாளர்களும் வந்தார்கள். இதற்கிடையில் ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழகங்களுக்கு மாறி, 1970களின் முடிவில் முதுகலைப் பட்டமே தகுதி என்றானது. பள்ளி ஆய்வையும் பாடநூல் ஒப்புதலையும் கைவிட்டது 1990களின் தொடக்கத்தில். அதற்குள் அப்படிப் படித்து வந்த ஆசிரியர்கள் பள்ளிகளில் நிறைந்திருந்தார்கள். அந்த இருபது ஆண்டு வேலையை விட்டுவிட்டு ஆய்வை மட்டும் நிறுத்தினால், நம்பி ஒப்படைக்க வகுப்பறையில் யார் இருப்பார்?

இன்னொன்று. உலகம் பின்லாந்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது, பல நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் பிசா தேர்வு. 2006இல் கணிதத்தில் அதன் சராசரி 548, 2022இல் 484. ஆக, எந்த ஆண்டுப் பின்லாந்தைப் பின்பற்றப் போகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த தவறு, எதுவும் இல்லாத பள்ளியின் தலையில் எல்லாம் உள்ள பள்ளிக்கான திட்டத்தைக் கட்டுவது. தென்னாப்பிரிக்காவில் நடந்தது இதுதான். நிறவெறி ஆட்சியின் பாடத்திட்டத்தைத் தூக்கியெறிய வேண்டும் என்ற வேகம் முழுக்க நியாயமானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பேசப்பட்ட ‘விளைவு சார்ந்த கல்வி’யை, அதாவது முடிவில் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதிலிருந்து தொடங்கும் முறையை எடுத்து, 1998இல் முதல் வகுப்பில் தொடங்கினார்கள். எட்டுக் கற்றல் துறைகள், 66 குறிப்பிட்ட விளைவுகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டு அளவுகோல், வரம்பு, செயல்திறன் குறியீடு. பாடநூலையே நம்பியிருக்காமல் ஆசிரியரே பாடப்பொருளை உருவாக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நூலகமும் நகல் இயந்திரமும் உள்ள முன்னாள் வெள்ளையர் பள்ளிகள் எப்படியோ சமாளித்தன. கறுப்பின மக்களின் கிராமப் பள்ளியிலோ, நிறவெறி அரசு வேண்டுமென்றே அரைகுறையாகப் பயிற்றுவித்த ஓர் ஆசிரியர், சில நாள் பயிற்சியோடு, நிரம்பி வழியும் வகுப்பின் முன் நின்றார். ஏழைப் பிள்ளைகளைக் கைதூக்கிவிட வந்த திட்டம் அவர்களையே பின்னுக்குத் தள்ளியது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

ஜொனாதன் ஜான்சன் என்ற கல்வியாளர் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். 2000இல் அமைத்த மறுஆய்வுக் குழுவும் சிக்கலான மொழியையும் போதாத பயிற்சியையும் சுட்டிக்காட்டியது. கடைசியில் என்ன, எப்போது கற்பிப்பது என்று தெளிவாக வரையறுத்த பாடத்திட்டத்துக்கு 2012 முதல் மாறினார்கள். அதற்குச் சற்று முன்பே பிள்ளைகளுக்கான பயிற்சிப் புத்தகங்களை அரசே அச்சடித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தது.

பாடமுறையை எடுத்துக்கொண்டு கால அட்டவணையை விட்டுவிடுவதும் உண்டு. 2014 முதல் இங்கிலாந்து ஆசிரியர்கள் ஷாங்காய்க்குப் போய்க் கணிதப் பாடங்களைப் பார்த்தார்கள், ஷாங்காய் ஆசிரியர்களும் இங்கிலாந்துக்கு வந்தார்கள். ஷாங்காயில் தொடக்கப்பள்ளியிலேயே கணிதத்துக்குத் தனி ஆசிரியர் உண்டு. ஒரு நாளில் அவர் எடுக்கும் பாடவேளைகள் சிலதான். மற்ற நேரத்தில் நோட்டுத் திருத்துவார், புரியாத பிள்ளையை அன்றே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பார், சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடத்தை அலசுவார். இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடமும் எடுக்கிறார். இந்த முயற்சி பற்றி ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டில், தொடக்கப்பள்ளியின் கீழ் வகுப்புகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. மேல் வகுப்புகளில் தெரியவில்லை.

சரி, அப்படியானால் எதையுமே வெளியிலிருந்து எடுக்கக் கூடாதா? அந்த முடிவுக்குப் போவதும் தவறுதான். இந்தியாவில் பிரதம் என்ற தன்னார்வக் கல்வி அமைப்பு பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒரு வேலை உண்டு. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், எழுத்து தெரியுமா, சொல் வாசிக்குமா, பத்தி வாசிக்குமா என்று பார்த்துக் குழுவாக்கி, தினமும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுப்பது. இதே முறை பீகாரில் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியாகக் கொடுக்கப்பட்டபோது, பள்ளி நாட்களில் பெரிதாக எதுவும் மாறவில்லை. வழக்கமான பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அது ஓரங்கட்டப்பட்டது. ஹரியானாவில் அதற்கென்று தனி நேரம் ஒதுக்கினார்கள், வட்டார அலுவலர்களே முதலில் வகுப்பெடுத்துப் பழகிவிட்டு மற்றவர்களை மேற்பார்வையிட்டார்கள். அங்கே பிள்ளைகளின் வாசிப்பு கூடியது. அப்புறம் இந்த முறை ஆப்பிரிக்காவுக்கும் போனது. ஜாம்பியா அதைத் தன் மொழிகளுக்கு மாற்றி, முதலில் சில பள்ளிகளில் வெவ்வேறு விதமாகச் செய்து பார்த்து, எப்படிச் செய்தால் அரசு ஆசிரியர்களால் தொடர்ந்து நடத்த முடிகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே விரிவாக்கியது.