மொட்டை மாடியில் சுருக்கி போட

சுருக்கி என்பது மாடி ஸ்லாப் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் அடுக்கு. சென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் மாடியைத் தொடும் முன் தண்ணீரைப் பாருங்கள். உவர்ப்பான போர் தண்ணீரில் கலவை போட்டால் உப்புப் பூத்து, மேலே பதிக்கும் தட்டோடு (தட்டையான ஓடு) பெயரும். மெட்ரோ லாரித் தண்ணீர் வாங்குவது வீண்செலவல்ல.

பழைய பூச்சை ஸ்லாப் வரை கொத்தி, வெடிப்புகளை அடைத்து, தண்ணீர் கட்டி 2 நாள் விடுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சுருக்கி ஒழுகலை மறைக்கும், நிறுத்தாது.

20 மி.மீ. செங்கல் ஜல்லியை நன்றாக நனைத்து, 32 பங்குக்கு 12.5 பங்கு நீற்றிய சுண்ணாம்பு சேருங்கள். மணல் வேண்டாம். சராசரி 3 அங்குல கனம். 1000 சதுர அடிக்கு, அடித்து இறுகிய பின் 250 கன அடி வரும். மழைநீர்க் குழாய் நோக்கி 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் நூல் பிடித்து வையுங்கள். வாட்டத்தைத் தட்டோட்டில் சமாளிக்கலாம் என்பார் மேஸ்திரி, முடியாது.

பிறகு மரக்கட்டையால் அடிக்க வேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான்: கட்டை துள்ளும் வரை, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தபடி, நாள்கணக்கில் அடிக்க வேண்டும். அடி குறைந்தால் உள்ளே ஓட்டை, அதில் தண்ணீர் தங்கும்.

கைப்பிடிச்சுவர் மூலையை உருட்டிப் பூசுங்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். மேலே தட்டோடு, 1:3 சிமென்ட் கலவையில், நீர்த்தடுப்புக் கலவை சேர்த்து. ஐப்பசி மழைக்கு முன், கோடையிலேயே முடித்துவிடுங்கள்.