லேண்ட் காண்ட்ராக்டில் வாங்கிய வீட்டை மறுபடி தவணைக்கு விற்பது எப்படி? (மிச்சிகன்)

மிச்சிகன் மாநிலத்தில் லேண்ட் காண்ட்ராக்டில் வீடு வாங்கினால் தவணை கட்டிக்கொண்டே குடியிருக்கலாம். கடைசித் தவணை தீர்ந்த பிறகுதான் கிரயப் பத்திரம் கைக்கு வரும். பாக்கி இருக்கும்போதே அந்த வீட்டை நீங்களும் தவணைக்கு விற்கலாம்.

1. பழைய ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். வேறொருவருக்கு மாற்றிவிட உங்களுக்கு விற்றவரின் சம்மதம் வேண்டுமா, மொத்தப் பாக்கியையும் ஒரே தடவையில் கட்டவேண்டிய பலூன் தேதி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அசல் பாக்கி, வட்டி, கடைசியாகக் கட்டிய தேதி மூன்றையும் அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்க்கணக்கு வேண்டாம்.

2. வில்லங்கம் பாருங்கள். உங்களுக்கு விற்றவர் பெயரில் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், வீடு கைமாறியதைக் காட்டி வங்கி முழுத்தொகையும் கேட்கலாம்.

3. கணக்குப் போடுங்கள். உங்கள் பாக்கி 60,000 டாலர், 6% வட்டி, 15 ஆண்டுத் தவணை: மாதம் 506. வீட்டை 1,00,000 டாலருக்குப் பேசி, 10,000 முன்பணம் வாங்கி, மீதி 90,000-ஐ 8% வட்டியில் 30 ஆண்டுத் தவணையாக விட்டால் மாதம் 660 வரும். கைக்கு நிற்பது 154. தனிநபர் தரும் லேண்ட் காண்ட்ராக்டில் வட்டி 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பலரும் சறுக்குவது பலூன் தேதியில். உங்கள் பலூன் 5-ஆம் ஆண்டு முடிவில் என்றால் அன்றைக்கு ஏறக்குறைய 45,600 டாலர் கட்டவேண்டும். உங்களிடம் வாங்கும் புதியவரின் பலூனை 7-ஆம் ஆண்டில் வைத்துவிட்டால் அந்தத் தொகைக்கு எங்கே போவீர்கள்? அவருடைய தேதி உங்களுடையதற்குச் சில மாதமாவது முந்தி இருக்கட்டும்.

4. தவணைப் பணம் உங்கள் கை வழியாகப் போகவேண்டாம். தவணை வசூலிக்கும் மூன்றாம் தரப்பு நிறுவனம் முதலில் 506-ஐ மேலே, அதாவது உங்களுக்கு விற்றவருக்கு, அனுப்பிவிட்டு மீதியை உங்களுக்குத் தரட்டும். புதியவர் ஒழுங்காகக் கட்டி, நீங்கள் மேலே கட்டாமல் விட்டால் பாதிக்கப்படுவது அவர்தான்: 15 நாள் நோட்டீஸ், நீதிமன்றத் தீர்ப்பு என்று போய், உங்கள் ஒப்பந்த விலையில் பாதிக்கும் குறைவாகக் கட்டியிருந்தால் 90 நாளும் பாதியோ அதற்கு மேலோ கட்டியிருந்தால் 6 மாதமும்தான் மீட்க அவகாசம். அதற்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் உங்கள் உரிமையோடு அவருடையதும் போய்விடும். எனவே நீங்கள் தவறினால் அவரே நேரடியாக மேலே கட்டி, உங்கள் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தைச் சேருங்கள்.

5. ஒப்பந்தச் சுருக்கத்தைக் கவுண்டி பதிவாளரிடம் பதியுங்கள். புதியவர் 45 நாளுக்குள் சொத்து மாற்றப் பிரமாணத்தை வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் உள்ளூர் அசெஸரிடம் கொடுக்கவேண்டும். அடுத்த ஆண்டு சொத்துவரிக்கான மதிப்பு, அதுவரை இருந்த உச்சவரம்பு நீங்கி, ஏறும். அதை அவரிடம் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.